கேசர் விலாஸில் முப்பது வருஷம்

நவம்பர் 9, ஞாயிறு. திண்டுக்கல்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இவ்வளவு நாளும் பீரோவில் கிடந்தது. நாளை பயணம். பெட்டியில் என்னென்ன வைத்தேன் என்று குறித்துக்கொண்டால் திரும்பும்போது எதையும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்று எடுத்தேன்.

புடவைகள், சுடிதார் இரண்டு, ஸ்வெட்டர் (யாழினியின் வற்புறுத்தல்), இட்லிப் பொடி, மாத்திரைகள். அவருக்கு வேண்டிய பிரஷர் மாத்திரையை அவரே எடுத்து வருவார். இருந்தாலும் ஒரு அட்டை கூடுதலாக வைத்தேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் சட்டைப் பைக்கு வெளியே அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. பெயரைப் படித்து வைத்துக்கொண்டேன். தொழில் புத்தி.

அவர் என்றே எழுதுகிறேன். திரு. நல்லசிவம் என்று எழுதினால் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது.

போன வியாழக்கிழமை அவர் ஊரான பாளையங்கோட்டையில் ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம். எனக்கு ஐம்பத்து மூன்று, அவருக்கு அறுபது. மின்சார வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கோமதி புற்றுநோயில் போய்ச் சில வருஷம் ஆகிறது. என் கணவர் பாஸ்கரன் மாரடைப்பில் போய்ப் பதினாலு வருஷம். என் மகள் யாழினிக்கும் அவர் மகன் முத்துக்குமாருக்கும் பெங்களூரில் ஒரே கம்பெனி. மதியச் சாப்பாட்டு மேசையில் பேசிப் பேசியே எங்கள் கல்யாணத்தை முடிவு செய்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்ட மறுநாள் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் ஸ்டாக் ஆடிட் என்று நான் திண்டுக்கல் வந்துவிட்டேன். ஆடிட்டைத் தள்ளிப் போடலாமே என்று சூப்பரின்டென்டென்ட் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். இனி எந்த ஊரில் இருக்கப் போகிறோம் என்பதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பயணம் பிள்ளைகள் கொடுத்த பரிசு. ராஜஸ்தானில் ஒரு பழைய அரண்மனை, இப்போது ஹோட்டலாம். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். “குற்றாலத்துக்கு அனுப்பினா ரெண்டு பேரும் மறுநாளே ஆளுக்கொரு பஸ்ல ஏறி வீட்டுக்கு ஓடிடுவீங்கம்மா” என்றாள் யாழினி.

நவம்பர் 10, திங்கள். கேசர்பூர்

மதுரை, மும்பை, உதய்பூர். பிறகு காரில் இரண்டு மலை தாண்டி கேசர்பூர். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். வயலில் நிற்கும் மின்கோபுரங்களை எனக்குக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன. “ஆமாங்க சார்” என்று சொன்னேன். அவர் என்னை மேடம் என்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தது, நிறுத்துவதற்கு இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை.

ஏரிக்கரையில் மஞ்சள் கல்லில் அரண்மனை. பெயர் கேசர் விலாஸ். வாசலில் கார் நின்றதும் முரசு அடித்தார்கள். வளைவுக்கு மேலே மாடத்திலிருந்து யாரோ ரோஜா இதழ்களைக் கொட்டினார்கள். தலை, தோள், கைப்பை எல்லாம் ரோஜா. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி இதழைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

வரவேற்பில் பாவனா என்று ஒரு பெண். இருபத்தைந்து இருக்கும், சிரித்த முகம். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “கல்யாண விசேஷம்னு போட்டிருக்காங்க. எத்தனையாவது திருமண நாள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே தொங்கிய சரவிளக்கைப் பார்த்தேன்.

“முப்பதாவது” என்றார்.

பாவனா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அறைக்கு வந்து ஆட்கள் போன பிறகு, “மன்னிக்கணும் மேடம், வாய்ல வந்துட்டு” என்றார்.

“போன வாரம்னு சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம். சொன்னா அந்தப் பிள்ளை உங்களை ஏற இறங்கப் பாக்கும். அப்படி யாரும் உங்களைப் பாக்க வேண்டாம்னு தோணிச்சு.”

பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்தேன்.

கட்டிலைப் பற்றி எழுத வேண்டும். ஏறுவதற்கு மரப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் வார்டில் போட்டால் இதில் நாலு நோயாளிகளைப் படுக்க வைக்கலாம். முதுகு வலி, கெட்டியான இடம்தான் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லி அவர் ஜன்னலோரத் திண்டில் தலையணையைப் போட்டுக்கொண்டார். முதுகு வலிக்கு ஒரு மாத்திரையும் அவர் கொண்டு வரவில்லை. கவனித்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

காலைச் சாப்பாடு முற்றத்தில். மயில்கள் மேசைக்கு அடியில் வருகின்றன. இட்லிகூட இருந்தது, சாம்பார் இனிப்பு. பக்கத்து மேசையில் ஒரு வங்காளித் தம்பதி, எங்களை விட வயதில் மூத்தவர்கள். திரு. பாதுரி கொல்கத்தாவில் வக்கீலாக இருந்தவர். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் அப்போது தமிழில் அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். யாராவது கேட்டால் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமே.

“கல்யாணம் எங்க நடந்துச்சுன்னு சொல்றது?” என்றேன்.

“நெல்லையப்பர் கோயில்.”

“பெண் வீட்டு ஊர்லதானே நடக்கும்? திண்டுக்கல்னு சொல்லுங்க.”

“சரி, திண்டுக்கல். உங்க அப்பா பேர் என்ன மேடம்?”

“அழகர்சாமி.”

“எனக்குப் பிடிச்ச மாமனார்னு சொல்லிக்கிடுதேன்” என்றார். அப்பா இறந்து பல வருஷம். ஏனோ அந்த நேரத்தில் அது பிடித்திருந்தது.

பிறகு பாவனா அரண்மனையைச் சுற்றிக் காட்டினாள். தர்பார் மண்டபம், கண்ணாடி பதித்த அறை, ராணிகள் வெளியே தெரியாமல் உட்கார்ந்து பார்த்த, கல்லில் சல்லடையாகச் செதுக்கிய ஜன்னல். ராஜாக்களின் படங்கள் வரிசையாக, எல்லோருக்கும் ஒரே மீசை. கூட்டம் அண்ணாந்து விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரைக் காணவில்லை. ஒரு கதவுக்குப் பின்னால் குனிந்து நின்றார். பித்தளையில் பழைய சுவிட்சுகள், பீங்கான் பியூஸ். “பாத்தீயளா மேடம், இன்னும் வேல செய்யுது” என்று ஒன்றைப் போட்டார். எங்கோ ஒரு தாழ்வாரத்தில் விளக்கு எரிந்தது. காவலாளி ஓடி வந்தார்.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகத்தான்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடி அலமாரி. அரண்மனை வைத்தியரின் மருந்துப் புட்டிகள். நீலக் கண்ணாடி, தரையில் விழுந்தாலும் உடையாத கனம். குங்குமப்பூ அரைக்கும் தந்தக் கல்வம். குண்டுமணி எடைக்குத் தராசு. ஒவ்வொரு புட்டியாகப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். திரும்பினால் எல்லோரும் போய்விட்டார்கள், அவர் மட்டும் கொஞ்சம் தள்ளிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. போகலாமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அறைக்கு வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

நவம்பர் 12, புதன்

ஏரியில் படகு. பாதுரி தம்பதியும் வந்தார்கள். திருமதி பாதுரிக்குக் கதை கேட்பதில் ஆசை அதிகம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

“உங்க மனைவிக்கு என்ன பிடிக்கும்?” என்று அவரைக் கேட்டார்.

“ஜிலேபி” என்றார் உடனே. “சூடா இருக்கணும். வீட்டுக்கு வர்ற வழியிலயே பொட்டலத்தைப் பிரிச்சிருவா. வீட்டுக்கு வரும்போது பாதிதான் இருக்கும்.”

எனக்கு இனிப்பே ஆகாது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

அப்புறம் லிஃப்டில் ஏறப் பயப்படுவது, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்தது, முத்துக்குமார் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸை அடித்தது. எல்லாவற்றையும் என்னைக் கைகாட்டியே சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகமே வேறாகிவிட்டது. அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு என் முறை. அவர் எனக்கு முதலில் என்ன வாங்கிக் கொடுத்தார் என்று கேட்டார்கள். கொலுசு என்றேன். தேர் பார்க்கப் போன இடத்தில் வாங்கி, படிக்கட்டில் உட்கார வைத்து அவரே மாட்டிவிட்டார் என்றேன். மழையில் ஒரே குடையில் சினிமாவுக்குப் போனது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைக்கத் தெரியாமல் புளியை அப்படியே போட்டது. சரளமாக வந்தது. திருமதி பாதுரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

படியேறி அறைக்கு வரும்போது அவர் கேட்டார். “அந்தக் கொலுசு, பாஸ்கரன் சார் வாங்கிக் குடுத்ததா?”

“இல்லை. சும்மா சொன்னது.”

“அந்தக் குடை?”

“அதுவும்தான்.”

“ரசம்?”

“எல்லாமே சும்மாதாங்க.”

இரண்டு படி ஏறினார். “நான் சொன்னதெல்லாம் நடந்தது மேடம்” என்றார், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி.

“தெரியும்” என்றேன்.

பாஸ்கரன் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், மகளுக்கு ஃபீஸ் கட்டத் தவறியதில்லை. பேச மாட்டார், அவ்வளவுதான். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மாலையில் கதவைத் தட்டி ஒருவர் வெள்ளித் தட்டை வைத்துவிட்டுப் போனார். சூடான ஜிலேபி. பாவனாவின் ஏற்பாடு. திருமதி பாதுரி சொல்லியிருக்க வேண்டும். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். நான் ஒன்று சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. யாருக்கு வந்ததோ அவருக்கு இன்னும் பிடித்திருக்கும்.

நாளை மதியம் மும்பைக்கு ஒரு விமானம் இருக்கிறது. போனில் சும்மா பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

விமானத்துக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்தேன். புடவைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார்கள். மாலை ஏரி நடுவில் இருக்கிற மண்டபத்தில் எங்களுக்கு விருந்தாம். வேண்டாம் என்று சொல்லப் போனேன். பாவனா ஏற்கெனவே பூ வரவழைத்துவிட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி. காலை

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சூரியன் இறங்கும் நேரத்தில் படகில் மண்டபத்துக்குப் போனோம். தூணுக்குத் தூண் சாமந்தி. ஹோட்டலில் இருந்த விருந்தினர் எல்லோரும் வந்திருந்தார்கள். சாரங்கி வாசிக்க இரண்டு பேர். கேக்கில் 30 என்று எழுதியிருந்தது. நான் கத்தியைப் பிடித்தேன், என் கை மேல் அவர் கையை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். ஜில்லென்று இருந்தது. பிரஷர் இறங்கியிருக்குமோ என்று நினைத்தேன்.

பாவனா, “சார் ரெண்டு வார்த்தை பேசணும்” என்றாள்.

அவர் எழுந்தார். மெதுவான ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். ஒரு வருஷம் தாமிரபரணியில் வெள்ளம். கம்பங்கள் சாய்ந்துவிட்டன. வீட்டுக்குச் சொல்லி அனுப்பக்கூட வழியில்லாமல் நாள் கணக்கில் லைன் வேலை. ஊரில் யாரோ அவர் ஆற்றோடு போய்விட்டதாக வீட்டில் வந்து சொல்லிவிட்டார்கள். வேலை முடிந்து, சேறும் சகதியுமாக, விடியற்காலையில் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“நான் கதவைத் தட்டினேன்” என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். சாரங்கிக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். எல்லோரும் அன்போடுதான் பார்த்தார்கள், ஆனால் அத்தனை கண்களும் அவர் மேல் இருந்தன. அவர் அந்தக் கதவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருந்தது கோமதி. இனி எவ்வளவு தட்டினாலும் அந்தக் கதவைத் திறக்க ஆள் இல்லை. அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

நான் எழுந்தேன். எதைச் சொல்வது என்று யோசிக்கவில்லை.

“நான் கதவைத் திறக்கவில்லை” என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவரும்.

“உள்ளே இருந்துகொண்டு யார் என்று கேட்டேன். நான்தான் என்றார். நான்தான் என்றால் யார், பெயரைச் சொல்லுங்கள் என்றேன். நல்லசிவம், மின்சார வாரியம் என்றார். மின்சார வாரியமா, இந்தத் தெருவில் கரண்ட் போய் இத்தனை நாள் ஆச்சு, அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், அப்புறம் திறக்கிறேன் என்றேன்.”

முதலில் திரு. பாதுரி சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. நான் விடாமல் சொன்னேன். அவர் அந்த அலுப்போடு தெருக்கோடி கம்பத்தில் ஏறியது, தெருவே வெளியே வந்து நின்றது, விளக்கு எரிந்ததும் நான் கதவைத் திறந்து சுடு தண்ணீர் போட்டது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் படகில் நாங்கள் இரண்டு பேரும் படகோட்டியும்தான்.

“கோமதி கதவைத் திறந்து அழுதா” என்றார். “என்னைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா.”

“நல்ல மனசு அவங்களுக்கு” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

“நீங்க சொன்னது அவ இல்ல. அவளுக்கு அப்படிப் பேச வராது.” கொஞ்சம் பொறுத்து, “நெசமாவே திறந்திருக்க மாட்டீயளா?” என்று கேட்டார்.

“திறந்திருப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு.”

அவர் தலையாட்டினார். படகு படித்துறைக்கு வந்துவிட்டது. இறங்கும்போது கையை நீட்டினார், பிடித்துக்கொண்டு இறங்கினேன். படியெல்லாம் ஏறி முடித்த பிறகும் விட மறந்துவிட்டோம்.

மேலே வந்ததும், “நான் திண்டுக்கல்லுக்கு வந்துருதேன்” என்றார். “உங்களுக்கு வேலை இருக்கு. எனக்குப் பென்ஷன் எங்க இருந்தாலும் வரும். பாளையங்கோட்டை வீடு அங்கன இருக்கட்டும், தீபாவளி பொங்கலுக்குப் போவோம்.”

“வீடு சின்னது. மாடிப்படி செங்குத்து” என்றேன்.

“நான் கம்பத்துல ஏறுன ஆளு மேடம்.”

நவம்பர் 14, மதியம்

கிளம்புமுன் பாவனாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவு பூ வாங்கியிருக்கிறாள். தனியாகப் போனேன். “நாங்கள் முப்பது வருஷத் தம்பதி இல்லை. கல்யாணம் போன வாரம்தான் நடந்தது. அவர் மேல் தப்பில்லை, நானும் சேர்ந்துதான் சொன்னேன்” என்றேன்.

பாவனா மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். கோபமோ என்று நினைத்தேன்.

“எனக்குச் சந்தேகம் இருந்தது மேடம். முப்பது வருஷமா கூட இருக்கிற யாரும் சொந்த அறைக் கதவைத் தட்டிட்டு உள்ளே போறதில்லை” என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். அவளிடம் ஏலக்காய் வாசனை வந்தது.

திரும்பினால் திருமதி பாதுரி நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். நான் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

“விடுங்க, தமிழ்லயே பேசலாம்” என்றார். “நான் பெரம்பூர்ல பொறந்து வளர்ந்தவ. அப்பா கோச் ஃபாக்டரியில வேலை பாத்தார். அன்னிக்குக் காலைல தமிழ் காதுல விழுந்ததும் உங்ககிட்ட வந்து பேசணும்னு எழுந்தேன். அதுக்குள்ள நீங்க உங்க அப்பா பேரை அவருக்குச் சொல்லிக் குடுத்துட்டிருந்தீங்க. சரி, புதுசா ஏதோ நடக்குது, கெடுக்க வேண்டாம்னு உக்காந்துட்டேன்.”

எனக்கு முகம் சிவந்திருக்கும்.

“ஜிலேபி நான்தான் அனுப்பச் சொன்னேன்” என்றார் மெதுவாக. “அவர் யாரைப் பத்திச் சொல்றார்னு அப்ப எனக்குப் புரியல. நேத்து அவருக்குப் பேச்சு நின்னப்பதான் புரிஞ்சுது. மனசுல வச்சுக்காதீங்க.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொல்கத்தாவுக்கு வரச் சொன்னார். போக வேண்டும்.

கார் தயார். அவர் பெட்டியை எடுத்து வைக்கிறார்.

நவம்பர் 15, சனி. உதய்பூர்

நேற்றே மதுரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போகவில்லை. இவரால்தான்.

கேசர்பூரைத் தாண்டியதும் ஒரு சின்ன அணை. அதன் கீழே பழைய கட்டிடம். அரண்மனைக்கு முதன் முதலில் மின்சாரம் எடுத்த இடம் என்று டிரைவர் சொன்னார். அவ்வளவுதான், “அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க” என்றார் இவர். வேண்டாம், நேரமாகிவிடும் என்றேன். “எட்டிப் பாத்துட்டு வந்துருதேன்” என்று இறங்கிப் போனார். போனவர் போனவர்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் இறங்கிப் போய்க் கூப்பிட்டேன், உள்ளே தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. கடைசியில் அங்கே இருந்த காவலாளியோடு பேசிக்கொண்டே வந்தார். சட்டை முழுக்கக் கிரீஸ். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “டர்பைன் அப்படியே இருக்கு, சுத்தினா சுத்துது” என்றார்.

விமான நிலையத்துக்குப் போனபோது கவுன்டரை மூடிவிட்டார்கள்.

நான் அத்தனை பேருக்கு நடுவில் கத்தினேன். “உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

“கத்தாதீய. அங்க மருந்துப் பாட்டிலைப் பாத்துட்டு நின்னீயளே, நான் ஏதாவது சொன்னேனா?”

“அதுக்காக ஃப்ளைட்டையா விட்டோம்?”

“சரி, விட்டாச்சு. இப்ப என்ன செய்யணும்ங்கீய தமயந்தி, டர்பைனைத் தூக்கிட்டு வந்து பறக்க விடவா?”

பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அவர் கவனிக்கவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை. கோபத்தில் இருந்தேன். இரண்டு பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம்.

அடுத்த விமானம் இன்றைக்குத்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் அறை கிடைத்தது. ஒரு டியூப் லைட், சுவரில் ஒரு நாள்காட்டி, இரண்டு ஒற்றைக் கட்டில். ஒன்றின் கால் ஆடியது. ஆடாமல் இருக்க அதை இன்னொரு கட்டிலோடு ஒட்டிப் போட வேண்டும் என்றார். போட்டோம். சண்டை நடந்துகொண்டிருந்ததால் பேசாமலேதான் போட்டோம். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தவிர அரண்மனைக் கட்டிலை விட இது தேவலை. முதுகு வலி என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் எழுந்தபோது பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம். அந்தச் சட்டையைக் குளிக்கிற சோப்பு போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தார். கறை பரவிவிட்டது. பிடுங்கி, கைப்பையில் இருந்த ஸ்பிரிட்டை ஊற்றிக் கசக்கினேன். அவர் வாசலில் பனியனோடு நின்று பார்த்தார்.

“இன்னும் கோவமா?” என்றார்.

“ஆமா.”

“சரி” என்று வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

ஜன்னல் கம்பியில் சட்டையைக் காயப் போட்டுவிட்டுக் கீழே போய் டீ குடித்தோம். நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். அவர் தன் பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது உடைந்து விழுந்து, ஸ்பூன் கேட்டு, ஒரே ரகளை.

யாழினி போன் செய்தாள். “எப்படிம்மா இருந்துச்சு அரண்மனை?”

“பெரிசா இருக்குது” என்றேன்.

“அவர் எப்படி?”

“என்னத்தச் சொல்ல. ஃப்ளைட்டை விட்டுட்டார். வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் இறங்கிப் போயி, சட்டையெல்லாம் கிரீஸு. சொன்னா ஒண்ணு கேக்கறதில்ல இந்த மனுஷன். இந்த வயசுல பிஸ்கட்டை நனைச்சுச் சாப்பிடத் தெரியல. இவரைக் கூட்டிட்டு நான் ஊர் வந்து சேரணும்.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு யாழினி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. “எதுக்குடி சிரிக்கிற?” என்றால் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ள முடிவதில்லை.

சட்டை காய்ந்துவிட்டது. கறை முழுதாகப் போகவில்லை. ஆட்டோ வந்து நிற்கிறது. இன்றைக்கு வழியில் எங்கேயும் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்புவதற்கில்லை.